ஏழாம் மாதத்தில் இடுப்பு வலி: எண்ணெய் தேய்த்து நீவிவிடலாமா?

பாலக்கோடு மருமகள்:
அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 29-வது வாரம், தலைப்பிரசவம். இடுப்பில் தொடங்கிப் பின்தொடை வரை வலி இழுக்கிறது. ராத்திரி புரண்டு படுக்கக்கூட எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. பக்கத்துத் தெருப் பாட்டியை வரவழைத்து நல்லெண்ணெய் தேய்க்கலாம், அப்படியே வயிற்றையும் நீவிவிட்டால் பிள்ளையின் தலை கீழே திரும்பிச் சுகப்பிரசவம் ஆகும் என்கிறார் அத்தை. வீட்டுக்காரரோ ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போய் மசாஜ் செய்துகொண்டு வரலாம் என்கிறார். செக்கப்பில் கேட்டதற்கு "அதெல்லாம் கூடாது" என்று மட்டும் சொன்னார்கள். ஏன் என்று தெரிந்தால்தானே வீட்டில் நான் பேச முடியும்?

கிருஷ்ணகிரி சிஸ்டர்:
கூடாது என்றுதான் நானும் சொல்வேன் பாப்பா. பிரசவ வார்டில் பல வருடம் இருந்தவள் நான். மலைக் கிராமத்திலிருந்து எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியை 108-இல் கொண்டு வந்தார்கள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று யாரோ வயிற்றை அமுக்கித் திருப்பப் பார்த்திருக்கிறார்கள். வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. குழந்தைக்குத் துடிப்பு இல்லை. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டிருந்தது. அமுக்கியதால்தான் பிரிந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன், பிரஷர் ஏறினாலும் அப்படி ஆகும். ஆனால் வயிற்றில் அடியோ பலமான அழுத்தமோ பட்டால் நஞ்சுக்கொடி பிரியக்கூடும் என்பது உறுதி. அந்தப் பெண்ணின் அம்மா வராந்தாவில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

29 வாரத்தில் பிள்ளையின் தலை மேலே இருந்தால் பதற ஒன்றுமில்லை. பெரும்பாலான பிள்ளைகள் 36 வாரத்துக்குள் தானாகவே திரும்பிவிடும். அதற்கப்புறமும் திரும்பாவிட்டால் மருத்துவரே வெளியிலிருந்து திருப்பிப் பார்ப்பது உண்டு. அதுவும் ஸ்கேன் பார்த்து, துடிப்பைக் கவனித்து, அவசரத்துக்கு ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருக்கும் இடத்தில்தான்.

பென்னாகரம் பேத்தி:
சிஸ்டர், வயிறு விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. மொத்தமாகக் கதவைச் சாத்துகிறீர்களே, அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. என் ஆயா மருத்துவச்சி. அவர் வயிற்றில் எண்ணெய் தொட்டு வைப்பார், விரலால் அழுத்தவே மாட்டார். இடுப்பு, முதுகு, தோள், பாதம், இவ்வளவுதான் அவர் கை போகும் இடம். இரண்டு பிள்ளைக்கும் கடைசி மூன்று மாதம் ஆயா கை பட்ட ராத்திரிதான் நான் தூங்கினேன். கேழ்வரகுக் களி கிண்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, குனிந்து நிமிர்ந்த இடுப்பு அது. நீங்கள் கூடாது என்றால் எங்கள் பக்கத்துப் பெண்கள் நீவிக்கொள்வதை நிறுத்த மாட்டார்கள். உங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்துவார்கள்.

ஊத்தங்கரை அம்மா:
என் முதல் பிள்ளை ஒன்பதாவது வாரத்தில் கலைந்தது. அதற்கு நான்கு நாள் முன்னால்தான் மாமியார் கால் வீக்கத்துக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். அதனால்தான் கலைந்தது என்று ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். யாரும் தொட விடாதே தங்கச்சி. எனக்கு வேறு சொல்லத் தெரியவில்லை.

ஓசூர் பிசியோ:
ஊத்தங்கரை அக்கா, முதலில் உங்களுக்கு. ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் பாதிக்கு மேல், கரு உருவாகும்போதே குரோமோசோமில் நேர்ந்த குறையால் கலைகின்றன. காலில் எண்ணெய் தேய்த்துக் கரு கலையும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. முதல் மூன்று மாதம் மசாஜ் வேண்டாம் என்று எங்களில் பலர் தள்ளிப்போடுவது உண்மைதான். அது எச்சரிக்கைக்காகவும், ஏதாவது ஆனால் பழி வந்துவிடுமே என்பதற்காகவும். உங்கள் மாமியார் கையால் அது நடக்கவில்லை. உங்களாலும் இல்லை.

இப்போது பாலக்கோட்டுத் தங்கைக்கு. மல்லாந்தோ குப்புறவோ படுக்காதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பின்னாலுள்ள பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். தலை சுற்றும், பிள்ளைக்குப் போகும் இரத்தமும் குறையும். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மடித்த புடவை. இடது பக்கம் நல்லது. உள்ளங்கையால் இதமாக இடுப்பிலும் புட்டத்திலும் நீவலாம், கட்டைவிரலால் குத்தி அழுத்த வேண்டாம். குழந்தையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வது, சுளுக்கு எடுக்கிறேன் என்று சொடுக்கி இழுப்பது, இரண்டும் கூடவே கூடாது. கர்ப்பத்தில் மூட்டுப் பிணைப்புகள் இயல்பாகவே தளர்ந்திருக்கும்.

கிருஷ்ணகிரி சிஸ்டர்:
பிசியோ தம்பி சொல்வதெல்லாம் சரி. ஆனால் அந்தப் பாட்டியிடம் பிரஷர் பார்க்கும் கருவி இருக்கிறதா? கால் வீங்கியிருக்கிறது, நீர் இறங்கியிருக்கிறது என்று நான்கு நாள் நீவிக்கொண்டே இருப்பார்கள். அதற்குள் முகமும் கையும் வீங்கி, தலைவலி வந்து, கண் மங்கி, 140/90-ஐத் தாண்டிப் போயிருக்கும். ஜன்னி வந்த பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள். இன்னொன்று, கர்ப்பத்தில் இரத்தம் வழக்கத்தைவிடச் சுலபமாக உறையும். பிரசவத்தில் அதிகம் இரத்தம் போகாமல் இருக்க உடம்பே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அதனாலேயே கால் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டியாக உறையலாம், பெரும்பாலும் இடது காலில். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாக, சிவந்து வலித்தால் அதைத் தேய்க்கவே கூடாது. கட்டி நகர்ந்து நுரையீரலில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. இதைப் பாட்டிக்கு யார் சொல்வது?

பென்னாகரம் பேத்தி:
நீங்கள்தான் சொல்ல வேண்டும் சிஸ்டர்! இப்போது இங்கே சொன்னதை அன்றைக்கு அந்தச் செக்கப்பில் இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் இந்தப் பெண் ராத்திரி இங்கே வந்து கேட்டிருக்க மாட்டாள். பிரசவ வலியில் இருக்கும் ஆரோக்கியமான பெண் கேட்டால் மசாஜும் சூடான ஒத்தடமும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. தொடுவதே தப்பு என்றால் அதை எப்படிச் சொல்வார்கள்?

கிருஷ்ணகிரி சிஸ்டர்:
அந்த இரண்டு நிமிட விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். எங்கள் ஓ.பி.யில் வரிசை வாசல் வரை நிற்கும், ஆனாலும் நியாயம்தான். "கூடாது" என்று முதலில் நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். பிரஷர் பார்த்து, நஞ்சுக்கொடி கீழே இறங்கி இல்லை என்று ஸ்கேனில் பார்த்து, குறைமாத வலியோ இரத்தக் கசிவோ இல்லை என்று தெரிந்த பிறகு, இடுப்பையும் தோளையும் இதமாக நீவினால் நான் தடுக்க மாட்டேன். வயிறு மட்டும் எந்த நிபந்தனையிலும் வேண்டாம். ஒகேனக்கல்லும் வேண்டாம். அங்கே ஆற்றோரப் பாறையில் படுக்க வைத்துத் தட்டி அடித்துத் தேய்ப்பார்கள். ஈரப் பாறையும் எண்ணெய்க் காலும் சேர்ந்தால் மசாஜுக்கு முன்பே விழுந்துவிடுவாய்.

பாப்பா, இன்னொன்றும் கேள். 37 வாரத்துக்கு முன் இடுப்பு வலி விட்டுவிட்டு, ஒரே சீராக வந்தால் சூட்டு வலி என்று விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுப்பார்கள். குடிக்காதே. வயிற்றைக் கலக்கி, வலியைத் தூண்டிவிடும். நேராக மருத்துவமனைக்குப் போ.

ஓசூர் பிசியோ:
சிஸ்டர் விட்ட ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்ச வேண்டாம். அது தோல் வழியாக உள்ளே போகும். கடையில் விற்கும் வலித் தைலங்களிலும் கற்பூரம் இருக்கும். டைக்குளோஃபினாக் என்ற வலி ஜெல்லை 20 வாரத்துக்குப் பிறகு மருத்துவரைக் கேட்காமல் தடவக்கூடாது. அந்த வகை மருந்து பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். மசாஜ் ஒரு ராத்திரிக்கு உதவும். தினமும் கொஞ்சம் நடையும், இடுப்புக்கான லேசான பயிற்சிகளும்தான் நாள்பட உதவும். பக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் பிசியோதெரபிப் பிரிவில் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஊத்தங்கரை அம்மா:
பிசியோ தம்பி எழுதியதை மூன்று தடவை படித்தேன். நாளைக்கு மாமியாரிடம் பேசப் போகிறேன்.

பாலக்கோடு மருமகள்:
எல்லாவற்றையும் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். வயிறு பற்றிச் சிஸ்டர் எழுதியதைக் கேட்டதும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இன்று காலை கிராம சுகாதாரச் செவிலியர் அக்கா வந்து பார்த்தார், பிரஷர் 110/70, கால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன, நஞ்சுக்கொடி மேலேதான் இருக்கிறது என்று ஸ்கேனில் போட்டிருக்கிறது. பாட்டியை வரவழைக்கவில்லை, அத்தையே தேய்த்துவிடுகிறேன் என்கிறார். ஒகேனக்கல்லும் இல்லை. அத்தை ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார்: நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா?

பென்னாகரம் பேத்தி:
வீட்டில் எது இருக்கிறதோ அது. கை சூட்டுக்கு வெதுவெதுப்பாக இருந்தால் போதும். அத்தையைக் கேட்டதாகச் சொல்.