தறிகளை அடுக்கும் நிரல் நடுவழியில் நிற்கிறது, உதவி தேவை

பத்தமடையில் எங்கள் பாய்க்கூடத்தில் 24 தறிகளை இடம் மாற்றி வைக்க வேண்டும். கோரைக் கட்டைச் சுமந்து அம்மா நடக்கும் தூரம் குறைய வேண்டும். மாலையில் அவர் முழங்கால் வீங்கிவிடுகிறது.

பைத்தானில் சிமுலேட்டட் அனீலிங் எழுதி மூன்று வாரமாகிறது. தறிகளைத் தற்செயலாக நகர்த்திப் பார்த்து, செலவு கூடும் நகர்வையும் சில வேளை ஏற்கும் முறை இது; ‘வெப்பநிலை’ என்ற எண் குறையக் குறைய அப்படி ஏற்பதும் குறையும். செலவு, மீட்டரில் மொத்த நடை. ஒரு தறி மற்றொன்றின் மேல் ஏறினால் அபராதம் 1,000. தொடக்க வெப்பநிலை 100. 500 நகர்வுக்கு ஒருமுறை 0.95 மடங்காகிறது.

வாசலோரத் தறிகள் இரண்டும் எப்போதும் மூலையில் சிக்கிக்கொள்கின்றன. வெப்பநிலை 100 இருக்கையில் 1,000 கூடும் நகர்வு ஏற்கப்படும் வாய்ப்பு இருபதாயிரத்தில் ஒன்றுதான். அதனால் ஒரு தறி மற்றொன்றைத் தாண்டிப் போவதில்லை. வெப்பநிலையை 1,000 ஆக்கினேன், மடங்கை 0.99 ஆக்கினேன், விதை எண்ணை (தற்செயல் எண்கள் தொடங்கும் எண்) மாற்றிப் பத்து முறை ஓட்டினேன். பலனில்லை.

அபராதத்தைச் சிறிதாகத் தொடங்கி, வெப்பம் குறையக் குறைய எந்த விகிதத்தில் உயர்த்த வேண்டும்?