புதுப்பிப்பு: பார்வை குறைந்த பிள்ளையும் கரும்பலகையும்

போன தவணை இங்கே கேட்டிருந்தேன்: மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் என் தரம் 3 வகுப்பில் பார்வை குறைந்த பிள்ளை, முன் வாங்கில் இருத்தியும் எழுத்தில் பிந்துகிறாள், என்ன செய்யலாம் என்று.

ஏ3 தாளில் பெரிதாக்கிக் கொடுக்கச் சொன்னீர்கள். சரிவரவில்லை. தாள் மேசையை விட்டுத் தொங்கியது, பிள்ளைக்கும் வெட்கம்.

உண்மையான சிக்கல் புள்ளியில் இருந்தது. 'பட்டம்' அவளுக்குப் 'படடம'. ஏ-யின் கீழ்க் கால் தெரியாததால் எ, ஏ இரண்டும் ஒன்றுதான். எழுத்து முழுவதையும் பெருப்பிப்பதைவிட, புள்ளியையும் காலையும் கறுப்பு மார்க்கரால் தடிப்பாக்கியதில் பலன் தெரிந்தது. கொப்பியிலும் அகலமாகத் தடித்த கோடு போட்டுக் கொடுத்தேன்.

அப்புறம் வெளிச்சம். வாவிப் பக்க யன்னலால் வெயில் விழுந்து பலகை பளபளத்தது. இவ்வளவு நாளும் நான் கவனிக்கவே இல்லை! வாங்கைச் சுவர்ப் பக்கம் மாற்றினேன்.

எழுதும்போதே உரத்துச் சொல்லி எழுதுகிறேன். அதில் மற்றப் பிள்ளைகளின் எழுத்துப்பிழையும் குறைந்திருக்கிறது.

கணக்கில்தான் இன்னும் இழுபறி. கழித்தலில் நிரல் தவறிப் பத்துகள் ஒன்றுகளுக்குள் போய்விடுகின்றன. சதுரக் கொப்பியின் கோடு அவளுக்கு மங்கல். நிரல்களைப் பிரித்துக் காட்ட, நூல் ஒட்டிய மட்டை ஒன்று செய்து பார்க்கிறேன்.