புதுப்பிப்பு: முளைக்காத டிராகன் பழ விதைகள்
மலேசியாவின் பந்திங்கில் எங்கள் தோட்ட வீட்டின் உப்புக் கரிக்கும் கிணற்று நீரை ஊற்றிய டிராகன் பழ விதைகள் ஏன் முளைக்கவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். விதை செத்துவிட்டது என்றார்கள் பலர். சாகவில்லை!

அதே விதைகளை அலசி, மழைநீரில் நனைத்த தாளில் பரப்பி, ஜன்னலோர வெளிச்சத்தில் வைத்தேன். ஆறாம் நாள், கறுப்புத் தோலைப் பிளந்துகொண்டு வெள்ளை முனை. எள்ளில் நூல் கோத்தது போல. உப்பு கூடிய நீரை விதையால் உறிஞ்ச முடிவதில்லை. ஈரத்தில் கிடந்தும் அதற்கு வறட்சிதான். சோடியமும் குளோரைடும் உள்ளே மிகுந்தால் கருவே கெட்டுவிடும். நல்லவேளை, என் விதைகள் அதுவரை போகவில்லை.

இன்னொரு தட்டில், முளைவிட்டபின் ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தேன். அத்தனையும் கருகின. கள்ளி இனம்தானே என்ற அலட்சியம்!

தண்டை வெட்டி நடச் சொன்ன அண்ணனுக்கு: நீங்கள் சொன்னது சரி, விதைக்கன்று காய்க்க ஆண்டுக்கணக்காகும். ஆனாலும் விடுவதாக இல்லை.