பிரனீஸ் மலையில் சைக்கிள் ஏற்றியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்

வணக்கம், மதுரை திருநகரிலிருந்து எழுதுகிறேன். வேளாங்கண்ணிக்கு வருஷா வருஷம் நடந்தே போன என் அப்பா, கடைசிவரை ஆசைப்பட்டும் போக முடியாத, ஸ்பெயினில் புனித யாக்கோபு திருத்தலத்துக்குப் போகும் சந்தியாகோ யாத்திரைப் பாதையில், வரும் மே மாதம் நான் சைக்கிளில் போகிறேன்.

பயமெல்லாம் பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையில் பிரனீஸ் மலையைக் கடக்கும் முதல் நாள்தான். பிரான்சில் சான் ழான் ஊரிலிருந்து ஸ்பெயினின் ரோன்செஸ்வாயெஸ் வரை சுமார் 25 கிலோமீட்டர், ஆனால் ஏறக்குறைய 170 மீட்டர் உயரத்தில் தொடங்கி 1,400 மீட்டருக்கு மேல் ஏறி, அப்புறம் காட்டுக்குள் செங்குத்தாக இறங்க வேண்டும். வால்கார்லோஸ் வழியாகத் தார்ச்சாலையும் உண்டு, அதன் கணவாய் 1,057 மீட்டர்தான். மூட்டை கட்டிய சைக்கிளுக்கு அதுதான் சரி என்று படுகிறது, ஆனாலும் மேல்வழியை விட மனசு வரவில்லை. போனவர்கள் எதில் போனீர்கள்?

பயிற்சிக்குச் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டு தடவை ஏறினேன், பை இல்லாமலே கடைசி வளைவுகளில் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. பின்பக்கப் பெரிய பல்சக்கரம் 32 பல், ஏற்றம் லேசாக 36க்கு மாற்றலாமா? மதுரையில் அதை நம்பிக் கொடுக்க நல்ல மெக்கானிக் யார்? அடுத்த ஞாயிறு விடியற்காலை போடியிலிருந்து போடிமெட்டு ஏறப் போகிறேன், பாரத்தோடு. யாராவது துணைக்கு வந்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.