டிஸ்க் ஆபரேஷன் ஆன நாய்க்கு மறுபடியும் முதுகுவலி

கேள்வி:
எங்கள் டாஷண்ட் செல்லிக்குப் போன வருடம் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் தட்டு) ஆபரேஷன் ஆனது. பின்னங்கால் இரண்டும் செயலிழந்து கிடந்தவள், அப்புறம் நன்றாக ஓடினாள். நேற்றிலிருந்து முதுகை வளைத்துக்கொண்டு நிற்கிறாள், தூக்கினால் கத்துகிறாள். நடக்கும்போது பின்கால் நகம் தரையில் உரசுகிறது. ஆபரேஷன் செய்த இடமே திரும்பக் கெட்டுவிட்டதா? பயமாக இருக்கிறது.

பதில் 1:
நகம் உரசுவது நரம்பு அழுத்தப்படுவதால் இருக்கலாம். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை சிறிய கூண்டில் வையுங்கள், படி, சோபா எதுவும் வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்; டாக்டர் ஸ்டீராய்டு தரும்படி ஆனால் இரண்டும் சேர்ந்து குடலில் புண்ணாக்கும். கால் முழுக்க விழுந்தாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ நள்ளிரவானாலும் காத்திருக்க வேண்டாம்.

பதில் 2:
எங்கள் டாஷண்ட் பையனுக்கும் இதேதான் நடந்தது. பழைய இடம் இல்லை, பக்கத்து டிஸ்க். இந்த இனத்தில் பல டிஸ்க்குகள் சின்ன வயதிலேயே சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். ஆபரேஷனில் பிதுங்கியதை எடுக்கிறார்கள், மற்றவை அப்படியே இருக்கும். பக்கத்து டிஸ்க்குகளையும் துளைத்து உள்கூழை எடுப்பது உண்டு, ஃபெனஸ்ட்ரேஷன் என்பார்கள். அது திரும்ப வரும் வாய்ப்பைக் குறைக்கும். செல்லிக்கு எந்தெந்த டிஸ்க்கில் செய்தார்கள் என்று பழைய ரிப்போர்ட்டில் பாருங்கள், எம்ஆர்ஐ படத்தையும் எடுத்துப் போங்கள்.

கேட்டவர்:
ரிப்போர்ட் கிடைத்தது, ஒரே ஒரு டிஸ்க்தான். கிளம்பிவிட்டோம், கூண்டில் படுத்திருக்கிறாள்.