புதுப்பிப்பு: அப்பா தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டார்

மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடிந்து வந்த அப்பா கட்டிலைவிட்டு இறங்க மறுக்கிறார், என்ன செய்யலாம் என்று 3 மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

'நடங்கப்பா' என்று நச்சரித்தது என் தப்பு. அது சோம்பலே இல்லை. சிகிச்சையில் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடைத் தசையைக் கரைத்திருந்தது. பிசியோதெரபிஸ்ட் நடையை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரவைத்தார். முதல் நாள் 3 தடவை, அதற்கே மூச்சு வாங்கியது. இப்போது 12.

போர்டிசோமிப் என்ற புற்றுநோய் மருந்து ஊசியால் பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பார். ஒட்டுப்பட்டை வைத்த ஷூ வாங்கினோம். எலும்பை அரிக்கும் நோய் என்பதால் குனிந்து குடம் தூக்கக் கூடாது, இடுப்பை முறுக்கக் கூடாது. காய்ச்சல் வந்தாலோ ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ரொம்ப இறங்கினாலோ டாக்டரைக் கேட்காமல் எந்தப் பயிற்சியும் இல்லை.

போன ஞாயிறு, கூட்டம் சேருமுன் மதுரை வண்டியூர் தெப்பக்குளம். ஒரு சுற்று ஏறக்குறைய 1200 மீட்டர். 4 இடத்தில் உட்கார்ந்தார். வாரம் 150 நிமிட உடற்பயிற்சி என்ற இலக்குக்கு இன்னும் தூரம் இருக்கிறது, சரி. திரும்பும்போது ஜிகர்தண்டா கேட்டார். காலை ஆறரைக்கு நான் எங்கே போவது?