புத்தூர் கட்டு அறிவியலா இல்லையா, யார் சொல்வது?

பள்ளிப்பட்டு வாசகன்:
எங்கள் பக்கம் கை கால் முறிந்தால் நிறைய பேர் ஆந்திராவுக்குள் தாண்டிப் புத்தூருக்குத்தான் போகிறார்கள். போட்ட மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு, பச்சிலை விழுதும் முட்டை வெள்ளையும் தடவி, மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. கட்டுகிறவரும் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் எலும்பைச் சேர்க்கிறார். அப்புறம் ஏன் ஆஸ்பத்திரியில் செய்தால் அறிவியல், அங்கே செய்தால் வெறும் நம்பிக்கை? கோடு போடுவது பட்டமா, சட்டமா, சாதியா?

நகரி நெசவு:
மூன்றும்தான் தம்பி. பிரிட்டனில் எலும்பு மருத்துவத்தின் தந்தை என்று கொண்டாடப்படும் ஹியூ ஓவன் தாமஸ், பரம்பரையாக எலும்பு கட்டிவந்த வேல்ஸ் குடும்பத்துப் பிள்ளை. பட்டமில்லாமல் லிவர்பூலில் வைத்தியம் பார்த்த அப்பாவைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள், அதனால் மகனை டாக்டருக்குப் படிக்க வைத்தார். முறிந்த காலை அசையாமல் பிடித்து வைக்க அந்த மகன் செய்த தாமஸ் ஸ்பிளிண்ட், முதல் உலகப் போரில் தொடையெலும்பு முறிந்த சிப்பாய்கள் பலரைக் காப்பாற்றியது. பட்டம் வாங்காமலே அதைச் செய்திருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

திருத்தணி பிசியோ:
சார், வரலாறு சரி. ஆனால் கட்டு இறுகி, விரல் நீலம் பாரித்து, கிள்ளினாலும் உணர்ச்சி இல்லாமல் வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மாவுக்கட்டிலும் இது நடக்கும், ஆனால் ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டில் ஏறும். நாட்டுக்கட்டில் சரியாகாதவர் திரும்ப அங்கே போவதில்லை, நேராக வேலூருக்கோ சென்னைக்கோ போய்விடுகிறார், கட்டினவருக்குத் தெரியவே தெரியாது. அசையாமல் வைத்தாலே பெரும்பாலான முறிவு தானாகக் கூடிவிடும் என்பதால், கூடியது பச்சிலையாலா என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் தோற்றதை எழுதி வைக்கிறோமா என்பதுதான் கோடு.

நகரி நெசவு:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போலி டாக்டர் என்று ஒதுக்கிவிட்டு, கணக்கு எங்கே என்று கேட்பது என்ன நியாயம்? வியட்நாம் போரில் நட்பு நாடான வட வியட்நாமின் சிப்பாய்களை மலேரியா தாக்கியதால் 1967-ல் சீன அரசே ஆராய்ச்சிக்கு உத்தரவிட்டது. அப்படித்தான் சீன விஞ்ஞானி தூ யூயூ பழைய வைத்திய நூலில் இருந்த குறிப்பைப் பிடித்து ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்தைப் பிரித்தெடுத்தார், 2015-ல் நோபல் பரிசும் வந்தது. கதவைத் திறந்தது அரசியல், மருந்து நின்றது சோதனையில். இங்கே கதவையே யாரும் தட்டவில்லை.

பள்ளிப்பட்டு வாசகன்:
சரி, இப்போதைக்கு ஒருவர் புத்தூர் கிளம்பினால் என்ன சொல்லி அனுப்புவது?

திருத்தணி பிசியோ:
எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் நேராக ஆஸ்பத்திரி, யோசிக்கவே வேண்டாம். எந்தக் கட்டானாலும் விரல் நுனி தெரிய வேண்டும். விரல் மரத்துப்போனாலோ, நீலம் பாரித்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டைத் தளர்த்தச் சொல்லுங்கள்.